எவர்சில்வரில் பெயர் வெட்ட யந்திரம் எதற்கு?

எந்த வீட்டுச் சமையலறையிலாவது ஓர் அடுக்கை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். விளிம்புக்குக் கீழே ஒரு பெயர் இருக்கும். முன்னால் ஓர் இனிஷியல். பின்னால், சில சமயம், ஒரு தேதி. மாமியார் கொண்டுவந்த குடத்தில் மாமியாரின் தகப்பனார் பெயர் இருக்கும். மருமகள் கொண்டுவந்த சம்புடத்தில் அவளுடைய பெயரே இருக்கும். வீட்டுப் பத்திரத்தில் இடம் கிடைக்காத பெண்களுக்குக்கூடப் பாத்திரத்தில் இடம் கிடைத்துவிடுகிறது! ஊர்ச் சரித்திரம் எழுதுகிறவர்கள் கோயில் கல்வெட்டைத் தேடிப் போகிறார்கள். குடும்பச் சரித்திரம் எழுத வேண்டுமானால் பரண்மீது ஏறினால் போதும்.

இந்தப் பெயர்களை வெட்டியவர்கள் யார்? பாத்திரக் கடையின் ஒரு மூலையில் மணை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள்தாம். கையில் ஒரு சிற்றுளி, ஒரு சின்னச் சுத்தியல். ‘எழுத்துக்கு இவ்வளவு’ என்று கூலி. நாம் பெயரைச் சொல்லி வாய் மூடுவதற்குள், டக் டக் என்று புள்ளி புள்ளியாக எழுத்து எழும்பிவிடும். கோடு போட்டுப் பார்ப்பதில்லை, அளவு எடுப்பதில்லை. பிறகு அந்த இடத்தில் மின்சாரப் பேனா வந்தது. இப்போது பெரிய கடைகளில் லேசர் யந்திரமும் வந்துவிட்டது.

இந்த வேலையை வீட்டிலேயே கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்கிற இளைஞர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். பாத்திரத்தில் பெயர், சாவிக்கொத்துத் தகட்டில் பெயர், வாசல் பலகைக்கு ஒரு பெயர்த் தகடு என்று இரும்பிலும் எஃகிலும் எழுத்து வெட்டும் ஆசை நல்ல ஆசைதான். வருத்தம் என்னவென்றால், அவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்கும் முதல் கேள்வி ‘எந்த யந்திரம் வாங்கலாம்?’ என்பதுதான். யந்திரமும் வருகிறது. பத்து நாள் மேஜைமீது இருக்கிறது. பிறகு பரண்மீது, பெயர் வெட்டாத பாத்திரங்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

என் அபிப்பிராயத்தைப் பட்டென்று சொல்லிவிடுகிறேன். எஃகில் எழுத்து வெட்டக் கற்கிறவர் முதலில் வாங்க வேண்டியது சாணைக்கல். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எஃகின் குணம்

சாணைக்கல்லுக்கு ஏன் இத்தனை மரியாதை என்பது, வெட்டப் போகும் உலோகத்தின் குணத்தைப் பார்த்தால் விளங்கும். துருப்பிடிக்காத எஃகை இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி 1913-ல் உருக்கினார். இதே காலத்தில் ஜெர்மனியிலும் இந்த முயற்சி நடந்தது. நம் பாத்திரக் கடைக்காரர் ‘பதினெட்டு எட்டு’ என்று சொல்லும் ரகத்தில் நூற்றுக்கு 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். சேலம் உருக்காலை 1981-ல் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு இந்தத் தகடு நமக்குச் சொந்த ஊர்ச் சரக்காகவே ஆகிவிட்டது. (கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, ‘ஒட்டவில்லை பாருங்கள், அசல்’ என்பார். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்த மட்ட ரகத்திலும் காந்தம் ஒட்டாது. அது வேறு கதை.)

இந்த எவர்சில்வருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அடித்தால் அடிபட்ட இடம் இறுகிப் போகும். தேய்த்தால் தேய்த்த இடம் இறுகிப் போகும். செம்பு, பித்தளை மாதிரி ‘இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கலாம்’ என்ற பேச்சு இதனிடம் செல்லாது. மழுங்கிய உளியால் ஒரு கீறல் கீறினால் அது வெட்டாது, வழுக்கும். வழுக்கிய தடம் முன்னைவிடக் கெட்டியாகிவிடும். அதன்மேலேயே மறுபடி கீறினால் உளிமுனை இன்னும் மழுங்கும். கற்றுக்கொள்ள வந்தவர், ‘இது என் கைக்கு வராது’ என்று எழுந்து போய்விடுவார். கோளாறு கையில் இல்லை, முனையில்!

ஆகவே எடுத்த எடுப்பில் எவர்சில்வரைத் தொட வேண்டாம். இரும்புக் கதவும் ஜன்னல் கிரில்லும் செய்கிற பட்டறைக்குப் போய், உள்ளங்கை அகலத்தில், மூன்று மில்லிமீட்டர் கனத்தில் சாதாரண இரும்புத் தகட்டுத் துண்டு நாலைந்து கேளுங்கள். கழித்துப் போட்ட துண்டுகள் மூலையில் குவிந்து கிடக்கும். பட்டறைக்காரர் நல்ல மனசுக்காரராக இருந்தால் காசுகூட வாங்க மாட்டார். மேலே படிந்த கருப்புத் தோலை உப்புத்தாள் கொண்டு தேய்த்து எடுத்துவிட்டால் அதுதான் நம் சிலேட்டு.

மெத்தென்ற இரும்பில் தொடங்குவது தொடக்கக்காரருக்குக் கொடுக்கும் சலுகை என்று நினைக்க வேண்டாம். பெரிய கெட்டிக்காரர்களே அப்படித்தான் செய்தார்கள். அமெரிக்காவில் பிறந்த ஜேக்கப் பெர்க்கின்ஸ் என்பவர் பாங்கு நோட்டு அச்சடிக்க எஃகுத் தகடு செய்தார். எஃகை முதலில் பதம் தளர்த்தி மெத்தென்று ஆக்கி, அதில் சித்திரத்தை வெட்டி, பிறகு தகட்டைக் காய்ச்சி இறுக்கினார். அதை மெத்தென்ற எஃகு உருளைமேல் அழுத்திப் படியெடுத்து, அந்த உருளையையும் இறுக்கி, வேண்டிய தகடுகளில் உருட்டினார். 1819-ல் இங்கிலாந்துக்குப் போன அவருடைய கம்பெனிதான், 1840-ல் வெளிவந்த உலகத்தின் முதல் தபால் தலையை அச்சிட்டது. விக்டோரியா ராணியின் தலை பொறித்த கருப்புப் பென்னி அது.

ஒரு தகட்டில் 240 தலைகள். ராணியின் முகத்தை உருளை பதித்துவிட்டது, சரி. ஆனால் ஒவ்வொரு தலையின் கீழ் மூலைகளிலும் இரண்டு எழுத்துகள் உண்டு. வரிசைக்கு ஓர் எழுத்து, இடத்துக்கு ஓர் எழுத்து. தலைக்குத் தலை மாறும் அந்த எழுத்துகளை ஒரு மனிதர் உட்கார்ந்து சுத்தியலால் ஒவ்வொன்றாக அடித்தார். தகட்டுக்கு 480 அடி! கருப்புப் பென்னிக்கு மட்டும் 11 தகடுகள். அடுத்து வந்த சிவப்புப் பென்னித் தகடு ஒன்றில் ஒரே ஓர் இடத்தில் ஓர் எழுத்தை அடிக்க மறந்துபோனார்கள். மூலை காலியாக வந்த அந்தத் தலையைச் சேகரிப்போர் இன்றும் தேடி அலைகிறார்கள். நம் பாத்திரக் கடை மூலையில் உட்கார்ந்திருந்தவருக்கும் அந்த லண்டன்காரருக்கும் தொழில் ஒன்றுதான்.

என்ன வாங்க வேண்டும்?

உளி. லேத் பட்டறைக்காரர்கள் உபயோகிக்கும் ஹை ஸ்பீடு ஸ்டீல் கட்டை, நான்கு பட்டையாக, மெல்லிய ரகம் ஒன்று போதும். தேய்ந்து கழித்த துண்டு கிடைத்தால் இன்னும் மலிவு. பழைய அரத்தை உடைத்தும் உளி செய்யலாம். ஆனால் அரம் கண்ணாடி மாதிரி. பதம் பார்த்து வைக்கோல் நிறம் வரும்வரை சூடு காட்டி எடுக்காவிட்டால் முனை பொடிந்து பறக்கும். யந்திரச் சாணையில் தேய்க்கும்போது முனை நீலம் பாய்ந்துவிட்டால் அரத்தின் கெட்டித்தனம் அத்தோடு போயிற்று. ஹை ஸ்பீடு ஸ்டீலுக்கு அந்தத் தொந்தரவு குறைவு.

கட்டையை ஒரு விளிம்பு கீழே வரும்படி பிடித்து, நுனியைச் சுமார் 45 டிகிரி சாய்வாகத் தேய்த்தால் சாய்சதுரமாக ஒரு முகம் கிடைக்கும். பிறகு அந்த விளிம்பின் இரு பக்கத்திலும், நுனியில் மட்டும், 15 டிகிரி அளவுக்கு ஒரு சின்னச் சாய்வு. இந்தச் சாய்வு இல்லாவிட்டால் உளி தகட்டுக்குள் புதைந்துகொண்டே போகும், வெளியே வராது. முரட்டுக் கல்லில் தொடங்கி நைஸ் கல்லில் முடிக்க வேண்டும். இரு பக்கமும் இருக்கும் இரட்டைக் கல் ஒன்றே போதுமானது. இரண்டு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டுக்கொள்ளுங்கள்.

கூர்மை வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. கட்டைவிரல் நகத்தின்மேல் முனையை, அழுத்தாமல், சும்மா வையுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் மறுபடி கல்லுக்கு. வைத்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றால் சரி. நகத்தில் நிற்கிற உளிதான் எஃகில் நடக்கும். ஒரு மணி நேர வேலைக்கு மூன்று நாலு தரம் கல்லுக்குப் போக வேண்டியிருக்கும். அதைச் சிரமம் என்று நினைக்கிறவர் இந்தத் தொழிலுக்கு வர வேண்டாம்.

சுத்தியல் சின்னது, நூறு கிராம் அளவு. இத்துடன் கார்பைடு முனை வைத்த கீறு ஊசி ஒன்று. தகட்டைப் பிடிக்க விலை உயர்ந்த உருண்டை இடுக்கியெல்லாம் வெளிநாட்டுப் பட்டறைகளில் இருக்கிறது. நமக்குக் கெட்டித் துணியில் இரட்டைத் தையல் போட்டு, சலித்த மணலை அடைத்த ஒரு மூட்டை போதும். அதன்மேல் ஒரு பலகை. பலகைமேல், தட்டார் செய்கிற மாதிரி, அரக்கில் செங்கல் தூள் கலந்து உருக்கித் தகட்டைப் பதித்துவிட்டால் அசையாது. கடைசியாக, கண்ணுக்குக் கண்ணாடி. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். எஃகுச் சில் கண்ணில் விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவில் நாலு யந்திரம் வாங்கலாம். ஊருக்கு ஊர் விலை மாறும் என்றாலும், எல்லாம் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் அடக்கிவிடலாம் என்பது என் கணக்கு.

செம்பில் உளியைக் கையாலேயே தள்ளி வெட்டலாம். இரும்பில் அது மல்யுத்தம். சுத்தியலால் லேசாக, சீராக, நிறையத் தட்டுங்கள். பலமாகத் தட்ட வேண்டாம். உளிக்கு முன்னால் மயிரிழை போலச் சுருள் எழும்பிக்கொண்டே வர வேண்டும். சுருள் நின்று உளி புதைந்தால் பின்கையைத் தாழ்த்துங்கள், வழுக்கினால் உயர்த்துங்கள். உளி போகும் பாதையில் மற்றக் கை இருக்கவே கூடாது. வளைவு வரும்போது உளியைத் திருப்பாதீர்கள். மணல் மூட்டைமேல் இருக்கும் தகட்டைத் திருப்புங்கள். இந்த ஒரு விஷயம் பிடிபட ஒரு வாரம் ஆகும். பிடிபட்டுவிட்டால் பாதித் தொழில் வந்துவிட்டது.

இங்கேதான் நம் தமிழ் எழுத்து வேடிக்கை காட்டுகிறது. ஆங்கிலப் பெரிய எழுத்தில் பாதிக்குமேல் நேர்கோடு. வெளிநாட்டுப் பாடப் புத்தகங்கள் அதற்கேற்ற வரிசையில் சொல்லித் தருகின்றன. நமக்கோ ‘ட’வையும் ‘ப’வையும் விட்டால் திரும்பின இடமெல்லாம் சுழி. ‘ஞ’வும் ‘ழ’வும் ‘ண’வும் ஓலையில் எழுத்தாணி சுழன்ற சுழற்சியில் வளர்ந்த எழுத்துகள். ஆகவே ‘ட, ப’ என்று ஒரு தகடு முழுவதும் வெட்டுங்கள். அடுத்து ‘ய, ம’. சுழிகளுக்குப் பிறகு வரலாம். ‘ழ’ வந்துவிட்டால் மற்ற எழுத்துகளுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

இன்னொரு வேடிக்கை. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்ற பயம் என்பார்கள். எவர்சில்வர்ப் பாத்திரத்திலோ எழுத்து முழுவதுமே புள்ளி! அப்படியானால் மெய்யெழுத்தின் புள்ளியை எப்படிக் காட்டுவது? பழைய ஆசாமிகள் அதற்கு மட்டும் ஓர் அடி ஓங்கிப் போட்டார்கள். பழைய செம்பு ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், தெரியும்.

யந்திரக் கட்சியின் வாதம்

‘நூறு பாத்திரத்துக்குப் பெயர் வெட்ட வேண்டுமானால் உளியை வைத்துக்கொண்டு மாரடிக்கச் சொல்கிறீரா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கடை வைத்துப் பிழைக்கிறவருக்கு யந்திரம் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. மின்சாரப் பேனா சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது என்பதும் வாஸ்தவம். ஆனால் அது என்ன செய்கிறது? நம் ஊர் மின்சாரத்தில் உள்ளிருக்கும் காந்தம் விநாடிக்கு 100 தடவை ஊசியை உதைக்கிறது. கையில் எழுத்து இருப்பவருக்கு அந்த வேகம் உதவி. எழுத்து இல்லாதவருக்கோ விநாடிக்கு 100 பிழை! உளியில் ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் நடுவே யோசிக்க நேரம் உண்டு. கற்கிறவருக்கு வேண்டியது அந்த நேரம்தான்.

லேசர் சங்கதி இன்னும் மோசம். மலிவு விலையில் வரும் சின்ன லேசர்கள் எஃகை வெட்டுவதில்லை. மேலே நிறம் மாற்றுகின்றன, அவ்வளவே. எஃகில் உண்மையாகவே ஆழம் எடுக்கிற ஃபைபர் லேசரின் விலை சாமான்யருக்கு எட்டாது. அந்தச் சின்ன லேசரும், உரிய கண்ணாடி போடாமல் பார்த்தால், பளபளவென்ற பாத்திரத்தில் பட்டுத் திரும்பும் ஒளியாலேயே கண்ணைப் பறித்துவிடும். குழந்தைகள் உள்ள வீட்டில் அது எதற்கு?

இதைவிட ஆபத்தான யோசனை ஒன்று ‘செலவே இல்லாத வழி’ என்ற பெயரில் வீடு வீடாகப் பரவுகிறது. உப்பு நீரில் நனைத்த பஞ்சு, ஒரு பாட்டரி, இரண்டு கம்பி இருந்தால் போதும், எவர்சில்வரில் எழுத்து அரித்துவிடும் என்கிறார்கள். அரிக்கிறது, உண்மைதான். அப்படி அரிக்கும்போது எஃகிலிருந்து குரோமியமும் நிக்கலும் கரைந்து வருகின்றன. குரோமியம் புற்றுநோய் விளைவிக்கும் ஆறு இணைதிறன் வடிவத்தில் வரக்கூடும். உப்பிலிருந்து குளோரின் வாயுவும் கிளம்பும். ராணிப்பேட்டையில் மூடிக் கிடந்த ஒரு குரோமேட் தொழிற்சாலையின் கழிவு நிலத்தடி நீரை என்ன பாடு படுத்தியது என்பதைத் தமிழ்நாடு அறியும். ஒரு பஞ்சுத் துண்டை அந்தக் கழிவு மலையோடு ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் சோறு வைக்கிற பாத்திரத்தில், சமையலறைத் தொட்டியருகே, அந்தப் பச்சைமஞ்சள் தண்ணீர் எதற்கு? என்னைக் கேட்டால், எவர்சில்வருக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம்.

அரித்து எழுதித்தான் பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்குச் சாதாரண இரும்புத் தகட்டில் ஒரு வழி இருக்கிறது. அந்தக் கலை பழையது. ஜெர்மனியில் போர்க் கவசங்களில் பூவேலை செய்து வந்த டேனியல் ஹோப்ஃபர், 1500-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அதே முறையில் இரும்புத் தகட்டை அரித்துச் சித்திரம் அச்சடித்தார். மகா ஓவியர் டியூரர்கூட 1515-லிருந்து 1518 வரை இரும்புத் தகட்டில் ஆறு சித்திரம் செய்து பார்த்தார், அத்தோடு விட்டுவிட்டார். நமக்கு உரக்கடையில் கிடைக்கும் மயில்துத்தம் இருக்கிறது. தகட்டின் முன்பக்கம், பின்பக்கம், ஓரம் எல்லாவற்றிலும் நகப்பூச்சைத் தடவி, காய்ந்தபின் கீறு ஊசியால் பூச்சு விலக எழுதி, மயில்துத்தமும் சாப்பாட்டு உப்பும் சம அளவு கரைத்த தண்ணீரில் பிளாஸ்டிக் தட்டில் போடுங்கள். இரும்பு கரையும், அந்த இடத்தில் செம்பு சிவப்புச் சேறாகப் படியும். அதை மெல்லிய தூரிகையால் அவ்வப்போது விலக்கிவிட வேண்டும். கையுறை போட்டு, திறந்த வெளியில் செய்ய வேண்டும். மயில்துத்தம் விஷம், மீனையும் கொல்லும். நீலம் மங்கும்வரை அதே கரைசலைத் திரும்பத் திரும்ப உபயோகியுங்கள். கிணற்றடியிலோ குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது. சமையல் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்கவும் கூடாது.

பாத்திரத்துக்கு வரும்போது

இரும்புத் தகட்டில் கை ஓடத் தொடங்கிய பிறகு எவர்சில்வருக்கு வரலாம். பாத்திரத் தகடு மெல்லியது. அதில் உளியால் ஆழமாக உழுதால் மறுபக்கம் வந்துவிடும். இங்கே வேண்டியது பழைய புள்ளி எழுத்துத்தான். மெல்லிய மார்க்கர் பேனாவால் பெயரை எழுதிக்கொண்டு, பாத்திரத்தினுள் மணல் மூட்டையை இறுக வைத்து, கூர்முனையை நிறுத்தி ஒரே தட்டு. ஒரு புள்ளியை இரண்டாம் தரம் தட்டாதீர்கள். அந்த இடம் ஏற்கெனவே இறுகிவிட்டது, முனைதான் உடையும். கீறு ஊசியின் கார்பைடு முனைக்குச் சுத்தியலடி ஆகாது. அதைக் கீறுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து எப்போதும் பாத்திரத்தின் வெளிப்புறத்தில்தான் இருக்க வேண்டும். உட்புறத்தில் வெட்டினால் உப்பும் புளியும் பள்ளத்தில் தங்கும். வெட்டி முடித்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்துவிடுங்கள். சில பாத்திரங்களில் பெயரைச் சுற்றி மட்டும் பழுப்பாகக் கறை படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாத்திரம் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவோம். பல சமயம் அது இரும்பு உளியின் துகள் எவர்சில்வரில் ஒட்டிக்கொண்டு பிடித்த துரு. தேய்த்தால் போய்விடும்.

இதில் பிழைப்பு உண்டா என்று கேட்டால், பெரிய வருமானம் என்று சொல்லி யாரையும் ஏமாற்ற மாட்டேன். கல்யாண மாதங்களில் அக்கம்பக்கத்துப் பாத்திரங்கள் வரும்; பெயர்த் தகடு கேட்டு இரண்டொருவர் வருவார்கள். ஆனால் ஒன்று. யந்திரத்தின் எழுத்து எந்த ஊர்க் கடையிலும் ஒரே எழுத்து. கையெழுத்து நன்றாக உள்ள ஒரு பாட்டியின் எழுத்திலேயே அவர் பேத்தியின் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டித் தர முடியுமா என்று கேட்டால், யந்திரக் கடைக்காரர் அதற்குத் தனிக் கூலி சொல்வார். உளி பிடித்தவருக்கு அது மற்றொரு பெயர், அவ்வளவுதான்.

முதலில் வெட்டிப் பழகிய இரும்புத் தகட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, காகிதத்தில் சுற்றி வைத்தால் துருப்பிடிக்காது. பின்பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கும். உப்புத்தாள் போட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ‘ழ’வுக்கு அது போதும்.